தைராய்டு இரத்தப் பரிசோதனை: சிறப்பு மருத்துவரிடம் அனுப்பும் எல்லையின் வரலாறு

தைராய்டு இரத்தப் பரிசோதனை என்பது கழுத்தின் முன்புறம் அமைந்த தைராய்டு சுரப்பி போதிய அளவு வேலை செய்கிறதா என்பதை இரத்தத்தில் உள்ள ஹார்மோன்களின் (இயக்குநீர்களின்) அளவைக் கொண்டு அறியும் முறையாகும். இன்று சிறு நகரங்களின் ஆய்வகங்களிலும் இது செய்யப்படுகிறது. தாளில் ஒரு எண் தடித்த எழுத்தில் அச்சாகி வந்தவுடன், நோயாளியும் அவருடைய குடும்ப மருத்துவரும் ஒரே கேள்வியை எதிர்கொள்கின்றனர். இதை இங்கேயே பார்த்துக்கொள்ளலாமா, அகச்சுரப்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு இன்று தரப்படும் விடை ஒரே நாளில் எழுதப்பட்டதன்று. ஏறத்தாழ 150 ஆண்டுகளில் சுரப்பியை அளக்கும் கருவி ஒவ்வொரு முறை மாறியபோதும், யாரை அனுப்புவது என்ற எல்லையும் இடம் மாறியது. அந்த மாற்றங்களின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

சுரப்பியும் அதன் எண்களும்

1656ஆம் ஆண்டில் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வார்ட்டன் இச்சுரப்பிக்குக் கேடயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து தைராய்டு என்று பெயரிட்டார். தமிழில் இதைக் கேடயச் சுரப்பி என்றும் கூறுவர். இது அயோடினைப் பயன்படுத்தி டி4 எனப்படும் தைராக்சினையும், டி3 எனப்படும் மற்றொரு ஹார்மோனையும் சுரக்கிறது. உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, குழந்தைகளின் உடல் வளர்ச்சி, மூளை வளர்ச்சி ஆகியவை இவற்றைச் சார்ந்துள்ளன.

மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. இதுவே டிஎஸ்எச். மேல்நிலைத் தொட்டியில் நீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடுவதும், நிரம்பினால் நிற்பதும் போன்ற ஏற்பாடு இது. தைராக்சின் குறைந்தால் டிஎஸ்எச் ஏறும். தைராக்சின் மிகுந்தால் டிஎஸ்எச் இறங்கும். தைராக்சின் இரண்டு மடங்கு மாறினால் டிஎஸ்எச் ஏறத்தாழ நூறு மடங்கு மாறக்கூடும். எனவே சுரப்பியில் தோன்றும் சிறு தளர்வையும் டிஎஸ்எச் முதலில் காட்டிவிடுகிறது. இப்பரிசோதனையின் பலம் இதுதான். இதனால் வந்த சிக்கல்களைப் பின்னர் காண்போம்.

எண் இல்லாத காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தைராய்டு நோய் என்றால் கண்ணுக்குத் தெரியும் கழுத்துக் கழலைதான். ஆல்ப்சு மலைப் பகுதிகளில் இது மிகுதி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் எமில் தியோடர் கோக்கர், கழலை அறுவையைப் பாதுகாப்பானதாக மாற்றியவர். அவருக்கு முன்பு இந்த அறுவையில் இரத்தப்போக்கினாலும் சீழ் பிடித்தலாலும் பலர் இறந்தனர்.

1874இல் கோக்கர் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் தைராய்டை அகற்றினார். அறுவை நன்றாகவே முடிந்தது. ஆனால் பின்னர் அச்சிறுமியின் இயல்பு மாறிவிட்டதை அவளைக் கவனித்துவந்த மருத்துவர் ஆகஸ்ட் ஃபெட்ஷெரின் கண்டார். கோக்கரிடம் தெரிவித்தார். அப்போது கோக்கர் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் தரவில்லை. 1882இல் ஜெனீவாவின் ழாக்-லூயி ரெவெர்டன் இதுபோன்ற செய்தியையே கூறிய பிறகு, கோக்கர் தம் பழைய நோயாளிகளை மீண்டும் வரவழைத்தார். சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டு மீண்டும் பார்க்கப்பட்ட 18 பேரில் 16 பேர் சோர்ந்து, முகம் வீங்கி, அறிவு மந்தமாகி இருந்தனர். இளம் வயதில் அறுவை செய்துகொண்டவர்களின் வளர்ச்சி நின்றிருந்தது. அந்தச் சிறுமியும் அவர்களுள் ஒருத்தி.

1883இல் செருமானிய அறுவை மருத்துவர்களின் மாநாட்டில் கோக்கர் இம்முடிவை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். முழுச் சுரப்பியையும் அகற்றும் முறையைக் கைவிட்டார். தைராய்டு பற்றிய ஆய்வுக்காக 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குறையை முதலில் கண்டவர் பெரிய மருத்துவமனையின் வல்லுநர் அல்லர். நோயாளியை நாள்தோறும் அறிந்த ஊர் மருத்துவர். பரிந்துரை என்பது கீழிருந்து மேலே நோயாளியை அனுப்பும் வேலை மட்டுமன்று. கீழே கண்டது மேலே போய்ச் சேர வேண்டும், மேலே இருப்பவர் அதைக் கேட்கவும் வேண்டும் என்பதற்கு அந்த ஆண்டுகளின் தாமதமே சான்று.

ஆட்டின் சுரப்பி மருந்தான கதை

இதே காலத்தில் இங்கிலாந்தில் வில்லியம் கல் 1873இல் நடுவயதுப் பெண்களிடம் முகவீக்கமும் சோர்வும் கொண்ட ஒரு நோயை விவரித்தார். சில ஆண்டுகளில் வில்லியம் ஆர்ட் அதற்கு மிக்சிடீமா என்று பெயரிட்டார். 1888இல் இலண்டன் மருத்துவச் சங்கம் ஒன்றின் குழு, இந்நோயும் கோக்கர் கண்ட நிலையும் பிறவியிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் நிலையும் தைராய்டு இழப்பால் வருபவையே என்ற முடிவுக்கு வந்தது.

1891இல் நியூகாசில் நகரில் ஜார்ஜ் முர்ரே என்ற இளம் மருத்துவர், செம்மறி ஆட்டின் தைராய்டுச் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியாகச் செலுத்தினார். சில வாரங்களில் அவருடைய வீக்கம் வடிந்தது. பேச்சும் நடையும் திரும்பின. அடுத்த ஆண்டே சுரப்பியை வாய்வழியாகக் கொடுத்தாலும் பயன் உண்டு என்று வேறு மருத்துவர்கள் காட்டினர். முர்ரேயின் நோயாளி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து, 1919இல் 74ஆம் வயதில் இறந்தார். அதற்குள் 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் அவருக்குப் பயன்பட்டிருந்தன.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் எவ்வளவு கொடுப்பது என்று அளக்கும் கோல் இல்லை. ஒரு சுரப்பியின் சாறு வீரியம் மிக்கதாகவும் மற்றொன்று வீரியம் குறைந்ததாகவும் இருந்தது. முகத்தையும் நாடியையும் பார்த்தே மருத்துவர் அளவைக் கூட்டினார், குறைத்தார். 1914 டிசம்பர் 25 அன்று அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1926இல் இங்கிலாந்தின் சார்லஸ் ஹாரிங்டன் அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்தார். 1927இல் ஜார்ஜ் பார்ஜருடன் சேர்ந்து அதை ஆய்வகத்தில் தயாரித்தார். இன்று கிடைக்கும் தைராக்சின் மாத்திரைக்கு இதுவே அடிப்படை.

மூச்சை அளந்த காலம்

1895இல் பெர்லினில் ஆடால்ஃப் மக்னுஸ்-லெவி, தைராய்டு மிகையாகச் சுரப்பவர்கள் ஓய்விலும் மிகுதியான ஆக்சிசனைச் செலவிடுவதையும், குறைவாகச் சுரப்பவர்கள் குறைவாகச் செலவிடுவதையும் கண்டார். இதிலிருந்து அடிப்படை வளர்சிதைமாற்ற வீதம் என்ற அளவை நடைமுறைக்கு வந்தது. நோயாளி வெறும் வயிற்றில் அசையாமல் படுத்து, கருவியின் குழாய்வழியே மூச்சு விட வேண்டும். பயந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ முடிவு மாறிவிடும்.

1940களில் இரத்தப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் அயோடினை அளக்கும் முறை பரவியது. அயோடின் கலந்த இருமல் மருந்தோ, எக்சு கதிர்ப் படத்துக்காகச் செலுத்தும் அயோடின் சாயமோ இம்முடிவைக் கெடுத்தன. கதிரியக்க அயோடினைக் கொடுத்து, சுரப்பி எவ்வளவை உறிஞ்சுகிறது என்று பார்க்கும் முறையும் அக்காலத்தில் வளர்ந்தது. அதற்குச் சிறப்பு வசதி கொண்ட மருத்துவமனை தேவைப்பட்டது.

ஆகவே அக்காலத்தில் நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது பெரும்பாலும் அளந்து பார்ப்பதற்காகவே. முதலில் மருத்துவர் ஐயப்பட்டார், பிறகு நோயாளி பயணம் செய்தார், கடைசியில் எண் வந்தது. அடுத்து வந்த கண்டுபிடிப்பு இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது.

கதிரியக்க எதிர்ப்பாற்றல் அளவீடு

நியூயார்க்கின் பிராங்க்சுப் பகுதியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய சாலமன் பெர்சனும் ரோசலின் யாலோவும், 1950களின் இறுதியில் இரத்தத்தில் உள்ள மிக நுண்ணிய அளவு இன்சுலினை அளக்கும் வழியைக் கண்டனர். அளக்க வேண்டிய பொருளோடு ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளையும், கதிரியக்க அடையாளமிட்ட அதே பொருளையும் போட்டியிடவிட்டு அளப்பது இம்முறை. இவர்கள் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் இதைத் தடையின்றிக் கையாண்டன. பெர்சன் 1972இல் இறந்தார். யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1965இல் இதே வழியில் மனித இரத்தத்தின் டிஎஸ்எச் அளவை ராபர்ட் உட்டிகரும், தனியாக வில்லியம் ஓடெல் குழுவினரும் அளந்து காட்டினர். 1970களின் தொடக்கத்தில் தைராக்சினையும் அவ்வாறு அளக்க முடிந்தது. இனி நோயாளி எங்கும் போக வேண்டியதில்லை. ஒரு குழாய் இரத்தம் போனால் போதும். அறிகுறி தெளிவாகத் தெரியும் முன்பே எண் கையில் வந்து சேர்ந்தது. யாரை அனுப்புவது என்ற கேள்வி இன்றைய வடிவில் பிறந்தது இந்தக் கட்டத்தில்தான்.

விக்காம் ஊர் காட்டிய புதிய வகை

முர்ரே வாழ்ந்த நியூகாசிலுக்கு அருகில் விக்காம் என்ற ஊர் உள்ளது. 1970களின் தொடக்கத்தில் அங்கே 2,779 பெரியவர்களின் இரத்தம் சோதிக்கப்பட்டது. முடிவுகள் 1977இல் வெளியாயின. மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளைச் சோதிக்காமல், தெருவில் நடமாடும் பொதுமக்களைச் சோதித்தது இவ்வாய்வின் சிறப்பு.

தைராக்சின் சரியாக இருந்தும் டிஎஸ்எச் மட்டும் உயர்ந்திருந்தவர்கள் பலர் அங்கே காணப்பட்டனர். குறிப்பாக வயதான பெண்களிடம் இது மிகுதி. இவர்கள் நோயாளிகளா, நலமானவர்களா? இதை மறைநிலைத் தைராய்டுக் குறைபாடு என்று அழைக்கலாம். இந்த வகை, பரிசோதனை பிறந்ததால் கண்ணுக்குத் தெரிந்த ஒன்று.

இருபது ஆண்டுகள் கழித்து அதே மக்களை மீண்டும் ஆராய்ந்து 1995இல் முடிவை வெளியிட்டனர். பெண்களில் டிஎஸ்எச் உயர்வும் தைராய்டு எதிர்ப்பொருளும் சேர்ந்து இருந்தால், ஆண்டுக்கு 4.3% பேர் முழுமையான குறைபாட்டை அடைந்தனர். டிஎஸ்எச் மட்டும் உயர்ந்திருந்தால் 2.6%. எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால் 2.1%.

இந்த எதிர்ப்பொருளுக்கும் ஒரு முன்கதை உண்டு. 1912இல் சப்பானியர் ஹகாரு ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் கழலைகளில் வெள்ளணுக்கள் நிறைந்திருப்பதை விவரித்தார். 1956இல் இலண்டனில் ஐவன் ராய்ட், டெபோரா டோனியாக் குழுவினர், உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குவதால் இது வருகிறது என்று காட்டினர். போதிய அயோடின் கிடைக்கும் நாடுகளில் தைராய்டுக் குறைபாட்டின் முதன்மைக் காரணம் இந்த ஹஷிமோட்டோ நோய்தான்.

விக்காம் ஆய்வு குடும்ப மருத்துவர்களுக்கு ஒரு நடைமுறை வழியைத் தந்தது. சற்றே உயர்ந்த டிஎஸ்எச் அவசரமன்று. மீண்டும் சோதித்து, எதிர்ப்பொருளையும் பார்த்து, ஆண்டுதோறும் கவனித்து வந்தால் பெரும்பாலோருக்குப் போதும்.

பிறந்த குழந்தையிடம் மட்டும் காத்திருக்கக் கூடாது

காத்திருக்கலாம் என்ற விதி பிறந்த குழந்தைக்குப் பொருந்தாது. தைராய்டு இல்லாமலோ வேலை செய்யாமலோ பிறக்கும் குழந்தை, பிறந்தவுடன் பார்ப்பதற்கு மற்ற குழந்தைகளைப் போலவே இருக்கும். நன்றாகத் தூங்கும். அதிகம் அழாது. நல்ல பிள்ளை என்று பெற்றோர் மகிழ்வர். அறிகுறிகள் தெளிவாகும் மாதங்களில் மூளையின் இழப்பு நிலைத்துவிடும். பின்னர் அக்குழந்தை வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, மந்தம் என்ற பெயரைச் சுமக்கும். எந்த ஆசிரியரின் உழைப்பும் அதை மீட்டுத் தர முடியாது.

அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி 1960களின் தொடக்கத்தில், பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு துளி இரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, வேறொரு பிறவி நோயைக் கண்டறியும் முறையைப் பரப்பியிருந்தார். கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ அதே உலர்ந்த துளியில் தைராக்சினை அளந்தார். 1970களின் நடுவில் அங்கே மாநிலம் தழுவிய பரிசோதனை தொடங்கியது. பின்னர் பல நாடுகள் டிஎஸ்எச் அளவையே முதன்மையாகக் கொண்டன.

பிறந்த முதல் ஓரிரு நாட்களில் எல்லாக் குழந்தைகளுக்கும் டிஎஸ்எச் இயல்பாகவே உயரும். அதனால் குதிகால் இரத்தம் பொதுவாக 48 மணி நேரத்துக்குப் பிறகு எடுக்கப்படுகிறது. முடிவு ஐயத்துக்கு இடமாக இருந்தால் உடனே உறுதிப்படுத்தி, முதல் இரண்டு வாரங்களுக்குள் தைராக்சின் தொடங்கினால் அக்குழந்தை மற்றவர்களைப் போலவே வளர்ந்து படிக்கும். இங்கே பரிந்துரையின் எல்லை நாட்களால் அளக்கப்படுகிறது.

கர்ப்பிணிகளும் நகர்ந்த எல்லையும்

1999இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கர்ப்பக் காலத்தில் சிகிச்சை பெறாத தைராய்டுக் குறைபாடுள்ள தாய்மாரின் குழந்தைகளை 7 முதல் 9 வயதில் சோதித்தது. அவர்களின் நுண்ணறிவு எண் ஒப்பீட்டுக் குழுவைவிடச் சராசரியாக 7 புள்ளிகள் குறைந்திருந்தது. இச்செய்தி மருத்துவ உலகை உலுக்கியது.

2011இல் அமெரிக்கத் தைராய்டு சங்கம், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் டிஎஸ்எச் 2.5க்கு மேல் போகக் கூடாது என்ற எல்லையை வைத்தது. இதனால் நலமான பல பெண்களும் நோயாளிகளாகக் கணக்கிடப்பட்டனர். 2012இல் வெளியான பெரிய ஆய்வில், கர்ப்பிணிகளைச் சோதித்து மருந்து கொடுத்ததால் குழந்தைகளின் நுண்ணறிவில் மூன்று வயதில் வேறுபாடு தென்படவில்லை. 2017இல் அதே சங்கம், உள்ளூர் மக்களுக்கான அளவு இல்லாத இடங்களில் மேல் எல்லையை ஏறத்தாழ 4.0 என்று தளர்த்தியது.

ஆறு ஆண்டுகளில் ஒரு கர்ப்பிணியின் அதே எண் ஒரு கட்டத்தில் நோயாகவும் மறு கட்டத்தில் இயல்பாகவும் ஆயிற்று. ஆயினும் ஒன்று மாறவில்லை. ஏற்கெனவே தைராக்சின் எடுத்துவரும் பெண் கருவுற்றால் மருந்தின் தேவை விரைவில் கூடும். எனவே அவர் மாதக்கணக்கில் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கீழே இறங்கிய எண்

முதல் தலைமுறை டிஎஸ்எச் பரிசோதனைகளுக்கு ஒரு குறை இருந்தது. லிட்டருக்கு ஒரு மில்லி அலகுக்குக் கீழே அவற்றால் தெளிவாக அளக்க முடியவில்லை. ஆகவே இயல்பான டிஎஸ்எச் உள்ளவரையும் மிகைச் சுரப்பால் டிஎஸ்எச் அடங்கியவரையும் பிரித்தறிய இயலவில்லை. 1980களில் ஒற்றைவகை எதிர்ப்பொருள்களைக் கொண்ட புதிய முறைகள் வந்து 0.1 வரையிலும், பின்னர் 0.01 வரையிலும் அளந்தன.

இப்போது மேலே ஏறிய எண்ணோடு கீழே இறங்கிய எண்ணும் கண்ணில் பட்டது. அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் ஊர் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1994இல் ஒரு முடிவைத் தந்தது. 60 வயதைக் கடந்தவர்களில் டிஎஸ்எச் 0.1 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்குப் பத்து ஆண்டுகளில் ஒழுங்கற்ற இதயத் துடிப்பு வரும் வாய்ப்பு மும்மடங்காக இருந்தது. அத்தகைய துடிப்பு பக்கவாதத்துக்கு இட்டுச் செல்லக்கூடியது.

தைராக்சின் மாத்திரையை மிகையாக எடுத்துக்கொள்வதாலும் டிஎஸ்எச் அடங்கும். எனவே சோர்வாக இருக்கிறது என்று தாமாகவே மாத்திரையைக் கூட்டிக்கொள்வது தீங்கானது.

சுரப்பியே மிகையாகச் சுரந்தால் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். கிரேவ்சு நோயா, சுரக்கும் கட்டியா, தற்காலிக அழற்சியா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். 1943இல் எட்வின் ஆஸ்ட்வுட் பயன்படுத்திக் காட்டிய தைராய்டு அடக்கும் மருந்துகளின் வழிவந்தவை இன்றும் பயனில் உள்ளன. அவை அரிதாக வெள்ளணுக்களை அழித்துவிடும். அந்த மருந்தை உண்பவருக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும். இக்காரணங்களால் மிகைச் சுரப்பு உறுதியானவர்களைச் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவது பல நாடுகளின் வழக்கம்.

எழுத்தில் வந்த எல்லைகள்

2012இல் அமெரிக்க அகச்சுரப்பியல் மருத்துவர் சங்கமும் அமெரிக்கத் தைராய்டு சங்கமும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதல், தைராய்டுக் குறைபாடு உள்ளவர்களில் யார் சிறப்பு மருத்துவரைக் காண வேண்டும் என்று பட்டியலிட்டது. அதன் சாரம் வருமாறு:

1. கைக்குழந்தைகளும் சிறுவர்களும்.
2. கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களும்.
3. இதய நோய் உள்ளவர்கள்.
4. கழலை, கட்டி போன்ற மாற்றம் சுரப்பியில் உள்ளவர்கள்.
5. பிட்யூட்டரி, அட்ரீனல் முதலிய பிற சுரப்பிகளிலும் நோய் உள்ளவர்கள்.
6. மருந்து கொடுத்தும் அளவு சீராகாதவர்கள்.
7. பரிசோதனை எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாதவர்கள்.
8. சில மருந்துகள் போன்ற அரிதான காரணங்களால் குறைபாடு வந்தவர்கள்.

இப்பட்டியலில் டிஎஸ்எச் இத்தனைக்கு மேல் போனால் அனுப்புக என்ற வரி இல்லை. எண்ணைச் சுமந்து வருபவர் யார் என்பதே பெரும்பாலும் கேட்கப்படுகிறது. டிஎஸ்எச் 40 உள்ள, வேறு நோயற்ற நடுவயது ஆசிரியைக்கு அவருடைய குடும்ப மருத்துவரே மருந்து தரலாம். டிஎஸ்எச் 7 உள்ள கர்ப்பிணிக்கு வல்லுநரின் கருத்து தேவைப்படலாம்.

பிரித்தானியாவின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மறைநிலைக் குறைபாட்டில் மூன்று மாத இடைவெளியில் இரு முறை டிஎஸ்எச் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்தைக் கருதலாம் என்கிறது. இதற்கிடையே 2017இல் ஐரோப்பிய நாடுகளில் 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் நடந்த ஆய்வு, மறைநிலைக் குறைபாட்டுக்குத் தைராக்சின் கொடுத்ததால் சோர்வோ பிற அறிகுறிகளோ குறையவில்லை என்று காட்டியது. வயது கூடும்போது டிஎஸ்எச் சற்று உயர்வது இயல்பு என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

எண் தவறான வழி காட்டும் இடங்கள்

டிஎஸ்எச் அளவை மட்டும் நம்பினால் தவறும் இடங்கள் சில உண்டு. அவற்றுள் முதன்மையானது பிட்யூட்டரியே பழுதாகும் நிலை. தொட்டி காலியாக இருந்தும் மோட்டார் ஓடாததைப் போன்றது இது. தைராக்சின் குறைந்திருக்கும், ஆனால் டிஎஸ்எச் இயல்பாகவே தெரியும். டிஎஸ்எச் மட்டும் பார்த்தவர் எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார்.

பேறுகாலத்தில் கடும் இரத்தப்போக்கு ஏற்பட்ட பெண்களுக்குப் பிட்யூட்டரி அழிவதை 1937இல் ஹரால்டு ஷீகன் விவரித்தார். தாய்ப்பால் சுரக்காமை, மாதவிடாய் திரும்பாமை, தீராத சோர்வு ஆகியவை இதன் அறிகுறிகள். இவர்களுக்கு அட்ரீனல் ஹார்மோனும் குறைந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் தைராக்சினை மட்டும் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே தைராக்சின் குறைந்து டிஎஸ்எச் உயராமல் இருந்தால் தாமதமின்றி அனுப்ப வேண்டும்.

கடும் நோயால் மருத்துவமனையில் படுத்திருப்பவரின் எண்கள் தற்காலிகமாக மாறும். முடி வளர்வதற்காக உண்ணும் பயோட்டின் மாத்திரை சில ஆய்வக முறைகளைக் குழப்பி, இல்லாத மிகைச் சுரப்பை இருப்பதாகக் காட்டும். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பயோட்டின் ஆய்வக முடிவுகளைக் குழப்புவது பற்றி எச்சரிக்கை விடுத்தது. மருந்தின் அளவை மாற்றிய சில நாட்களிலேயே சோதிப்பதும் வீண். தைராக்சின் இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சோதிப்பதே வழக்கம்.

இந்தியாவில்

இந்தியாவில் தைராய்டு வரலாறு கழலையிலிருந்துதான் தொடங்குகிறது. இமயமலை அடிவாரப் பகுதிகளில் மண்ணில் அயோடின் குறைவு. 1956இல் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் மக்களை மூன்று பகுதிகளாகப் பிரித்தனர். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதாரண உப்பும் தந்தனர். அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1992இல் அது அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்தையும் கருதும் திட்டமாகப் பெயர் மாற்றம் பெற்றது.

கழலை குறைந்த பிறகு எண் முன்னுக்கு வந்தது. சென்னை உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,376 பெரியவர்களைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வு, 10.95% பேருக்குத் தைராய்டுக் குறைபாடு இருப்பதாகக் கூறியது. 8.02% பேருக்கு மறைநிலைக் குறைபாடு இருந்தது. இத்தனை பேரையும் அகச்சுரப்பியல் மருத்துவரிடம் அனுப்ப எந்த நாட்டாலும் இயலாது, அனுப்பத் தேவையும் இல்லை. அனைவரும் போய் வரிசையில் நின்றால், உண்மையில் விரைந்து பார்க்கப்பட வேண்டிய கைக்குழந்தையும் அதே வரிசையில்தான் நிற்கும்.

இந்தியாவில் பிறவித் தைராய்டுக் குறைபாடு ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. ஆயினும் குதிகால் இரத்தப் பரிசோதனை இன்னும் எல்லாப் பிரசவ அறைகளையும் எட்டவில்லை. நலமான பெரியவர் ஆண்டுக்கு இருமுறை டிஎஸ்எச் பார்த்துக்கொள்ளும் அதே ஊரில், பிறந்த குழந்தைக்கு ஒருமுறைகூடப் பார்க்கப்படாமல் போவதும் உண்டு.

தொகுப்பு

கோக்கரின் காலத்தில் நோய் முற்றிய பிறகே தெரிந்தது. மூச்சை அளந்த காலத்தில் அளப்பதற்காக நோயாளி பயணம் செய்தார். யாலோ, பெர்சன் காலத்துக்குப் பிறகு எண் முன்னே வந்து நிற்கிறது. கருவி கூர்மையான ஒவ்வொரு முறையும் புதிய நோயாளிகள் கணக்கில் சேர்ந்தனர். சில ஆண்டுகள் கழித்து அவர்களில் யாருக்கு உண்மையில் சிகிச்சை தேவை என்பது ஆய்வுகளால் தெளிவாயிற்று.

இன்று பெரும்பாலான வழிகாட்டுதல்கள் ஒத்துப்போகும் நிலை இதுவே. சற்றே உயர்ந்த டிஎஸ்எச் உள்ள, வேறு நோயற்ற பெரியவர் சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்துக்கொண்டு, குடும்ப மருத்துவரிடமே தொடரலாம். பிறந்த குழந்தை, கர்ப்பிணி, மிகைச் சுரப்பு உறுதியானவர், கழுத்தில் கட்டி உள்ளவர், எண்கள் பொருந்தாதவர், மருந்துக்கு அடங்காதவர் ஆகியோரை அனுப்ப வேண்டும். பழைய பரிசோதனைத் தாள்கள், உண்ணும் மருந்துகளின் பட்டியல், பெண்களானால் பேறுகால விவரம் ஆகியவற்றையும் உடன் கொண்டுசெல்வது நல்லது. அவரை நெடுநாள் கவனித்துவந்த மருத்துவர் நான்கு வரி எழுதிக் கொடுத்தால், வல்லுநருக்கு அது மிகவும் உதவும்.